வாய்விட்டு அழாதவள்

14

இருளம்மாள் பத்து வருஷத்துக்கு முன்னால் தன் அண்ணன் சங்கிலிமுத்துவைப் பார்த்துச் சொன்ன சொல்லை நீங்கள் மறந்திருந்தாலும், வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊர் மறக்கவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்து, அவள் புருஷன் முனியராஜைப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்து போட்ட நாள் அது. வழக்கமாக வருகிற ஆள் வரவில்லை என்று அன்றைக்கு அவனை அந்த ரூமுக்கு மாற்றி அனுப்பிய போர்மேன் வேறு யாருமில்லை, அவன் மச்சான் சங்கிலிமுத்துதான். புருஷனைப் பறிகொடுத்த இருளம்மாள் எழுந்து நின்று, ஊரே பார்க்க, கூடப் பிறந்தவனை நோக்கி விரலை நீட்டினாள்.

“ஏலே சங்கிலி! நாளைக்கு நீ செத்துக் கிடந்தாலும் இந்த வாய் உனக்காகத் திறக்காதுலே!”

மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான், கடைசியாகப் பேசியதும் அன்றைக்குத்தான். பன்னிரண்டு வயது மகள் வேல்விழியைக் கையில் பிடித்துக்கொண்டு சூலக்கரைக்குக் குடி வந்துவிட்டாள். கம்பெனி மாறியது, வேன் மாறியது. வேலை மட்டும் அதே சணல் சுற்றுகிற வேலை.

வேல்விழிக்கு இப்போது இருபத்திரண்டு முடிகிறது. விருதுநகரில் டாக்டர் அழகுமீனாவின் பல் ஆஸ்பத்திரியில் வேலை. டோக்கன் கொடுப்பாள், போன் எடுப்பாள், டாக்டர் கை நீட்டினால் கருவியை எடுத்துக் கொடுப்பாள். அம்மாவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள், ஆறு மாசமாக ஒன்றை மட்டும் மறைத்து வைத்திருந்தாள்.

பல்வலி என்று ஒரு நாள் வந்த பெரியவர், டோக்கன் கொடுக்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தாய்மாமன் சங்கிலிமுத்து. பல்லைப் பிடுங்கி முடித்த பிறகும் வியாழக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். பத்து நிமிஷம் பெஞ்சில் உட்காருவார். “உங்கம்மா எப்படி இருக்கா?” என்பார். போய்விடுவார்.

போன வாரம்தான் வேல்விழிக்கு அந்த யோசனை தோன்றியது.

“மாமா, வர்ற வியாழக்கிழமை அம்மாவுக்கு ஈறுல ஆபரேஷன். பத்து நாளைக்கு வாய் திறந்து பேசக்கூடாது. அன்னைக்கு வந்தீகன்னா நீங்க சொல்றதை அம்மா கேட்டுத்தான் ஆகணும். திட்டவே முடியாது.”

சங்கிலிமுத்து முதலில் முழித்தார். விளங்கியதும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வாரேன் தாயி. நுங்கு வாங்கிட்டு வாரேன். குளிர்ச்சியா, மெதுவா இருக்கணும்ல?”

அந்த வியாழக்கிழமைதான் இன்றைக்கு.

*

காலையில் ஆஸ்பத்திரிப் படியில் ஏறப்போன இருளம்மாள் நின்றாள்.

“விழி, இது சரியாப் போகும்ல?”

“சரியாப் போகும்மா. பயப்படாத.”

“பயமெல்லாம் இல்ல. சரியாகட்டும். அப்புறம் ஒரு நாளைக்கு வெம்பக்கோட்டைக்குப் போயிட்டு வருவமா?”

வேல்விழி திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷத்தில் அந்த ஊர்ப் பேர் அம்மா வாயில் வந்ததே இல்லை.

“என்ன திடீர்னு?”

“திடீர்னு ஒண்ணுமில்ல. ரொம்ப நாளா நினைப்புதான். என்னைச் சின்னப் பிள்ளையில அரிசிப்பல்லின்னு கூப்பிடுவான் எங்கண்ணன். இந்தப் பல்லோட போய் அவன் முன்னாடி நிக்கச் சொல்றியா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘நீ போக வேண்டாம், அவரே வருகிறார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேல்விழி சொல்லவில்லை. பதினொரு மணிக்கு மாமா வந்து கதவைத் திறக்கும்போது அம்மா முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை. அந்த ஆசையில் பேச்சை விழுங்கிக்கொண்டாள்.

“மொதல்ல வாய் ஆறட்டும். வா.”

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிப் போன் அடித்தது. மாமாதான்.

“சிவகாசி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன் தாயி. நுங்கு வாங்கிட்டேன். இளசா இருக்கு.”

“சரி மாமா. வெயிலுக்கு முன்ன வந்துருங்க.”

*

இருளம்மாளின் பல் கெட்ட கதை பெரிய ரகசியம் இல்லை. அணுகுண்டு வெடிக்குச் சணலை இறுகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியை அறுக்க வேண்டும். தீப்பொறி பறக்கும் என்று இரும்புக் கத்தரியை உள்ளே விடமாட்டார்கள். ரூமுக்கு ஒரு பித்தளைக் கத்தரி உண்டு. இருபது பெண்களுக்கு அந்த ஒன்றுதான். அது கைக்கு வரும் வரை காத்திருந்தால் சாயங்காலம் வெடி எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். அதனால் கத்தரி அது பாட்டுக்குக் கிடக்கும், எல்லாரும் பல்லால்தான் கடித்து அறுப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று யார் கணக்கு வைத்தார்கள்?

அது பாதி. மீதியை அவளே செய்துகொண்டாள். பக்கத்து ரூமிலிருந்து பறந்து வருகிற வெள்ளிப் பொடி, அதாவது அலுமினியத் தூள், சணலில் ஒட்டும், சணலிலிருந்து பல்லில் ஒட்டும். வேன் இறங்கியதும் அடுப்புக்கரியும் உப்பும் வைத்து ஈறு எரிய எரியத் தேய்ப்பாள். பல்லில் சாம்பல் நிறம் தெரிந்தால் கம்பெனிக்காரி என்று மகளை இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவளுக்கு. தேய்க்கத் தேய்க்க ஈறு இறங்கியது. கீழ் முன்பல் இரண்டும் வேர் தெரிய நீண்டு ஆடத் தொடங்கின. பச்சைத் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை கூசும். சிரிக்கும்போது முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும்.

“மேல அண்ணத்துல இருந்து நகத்தளவு சதை எடுத்து, கீழ ஈறு இறங்கின இடத்துல வச்சுத் தைக்கப்போறேன். அம்புட்டுத்தான்மா,” என்றாள் டாக்டர் அழகுமீனா.

“மிளகா நாத்தைப் பிடுங்கி வேற பாத்தியில நடுற மாதிரியா?”

“அதேதான். வேர் பிடிக்கிற வரைக்கும் ஆட்டக்கூடாது.”

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கறுப்பு நூல். வேல்விழி பக்கத்தில் நின்று அம்மாவின் உதட்டை விலக்கிப் பிடித்திருந்தாள். வெளுத்த அந்தச் சின்னச் சதைத் துண்டு இரண்டு பல்லுக்கு அடியில் ஒட்டி உட்கார்ந்தபோது அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “பேசக்கூடாது, துப்பக்கூடாது, வாயைப் பெருசாத் திறக்கக்கூடாது. முக்கியமா, கீழ் உதட்டை இழுத்து யாருக்கும் காட்டக்கூடாது. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்கு இழுத்துக் காட்டுறாக. இழுத்தா தையல் பிய்ஞ்சுக்கும்.”

இருளம்மாள் உதடு பிரியாமல் தலையாட்டினாள். கண் மட்டும் சிரித்தது.

மணி பதினொன்றாகப் போகிறது. வேல்விழி வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை, போன் அடித்தது.

“வணக்கம், பல் ஆஸ்பத்திரி.”

“ஏங்க, இது எந்த ஊருங்க?” இளவட்டக் குரல். மூச்சு வாங்கியது. “எங்கப்பா போன்ல கடைசியாப் பேசுன நம்பர் இதுதான். அதான் கூப்பிட்டேன். அப்பா சிவகாசி பஸ் ஸ்டாண்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவுக எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முடிஞ்சு போச்சுங்க. நீங்க யாரு?”

செல்வக்குமார். மாமா மகன். இந்தப் பத்து வருஷத்தில் எப்போதாவது சிவகாசியில் எதிரெதிரே பார்த்துக்கொண்டதோடு சரி. வேல்விழி போனை வைத்துவிட்டாள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கன்னத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். ‘என்ன?’ என்று புருவம் கேட்டது.

“மாமா ஊருல இருந்தும்மா...” பாதி உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. “மாமா செத்துப்போயிட்டாகளாம்.”

ஐஸ் பை கீழே விழுந்தது. இருளம்மாள் எழுந்தாள். நெஞ்சு மேலே ஏறியது. உதடு பிரிந்தது.

வேல்விழி பாய்ந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

“வேண்டாம்மா! திறக்காதம்மா! தையல்மா!”

உள்ளங்கைக்குள் ஒரு சத்தம் முட்டி மோதி, வெளியே வர வழியில்லாமல் திரும்பி உள்ளே போனது. அந்த அதிர்வு அவள் முழங்கை வரை தெரிந்தது.

“போய்த்தானே ஆகணும், நான் தடுக்க முடியாது,” என்றாள் டாக்டர், பஞ்சும் மாத்திரையும் பொட்டலம் கட்டிக்கொண்டே. “கண்ணுல தண்ணி வந்தா வரட்டும். வாய் மட்டும் திறக்கக்கூடாது. பார்த்துக்கோ விழி.”

*

பஸ் ஆமத்தூர் தாண்டும்போது மரத்துப்போன உதட்டுக்கு உயிர் வந்தது. திருத்தங்கல் வருவதற்குள் மேல் அண்ணம் தீயாக எரிய ஆரம்பித்துவிட்டது. இருளம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டபடி வந்தாள். அழுகிறவள் மூக்கைக்கூட உறிஞ்சமாட்டாளா என்று பக்கத்து சீட்டுக்காரிக்கு ஆச்சரியம்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் ஏறினார்கள். எந்தத் தூண் ஓரமாக மாமா உட்கார்ந்திருப்பார் என்று வேல்விழி பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ‘வாங்க மாமா’ என்று கூப்பிட்டது தான்தான். வேகாத வெயிலில் அந்த வயசான மனுஷனைக் கிளப்பிவிட்டது தான்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டும். எப்போது? வாய் ஆறின பிறகா? பத்து நாள் கழித்தா?

அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பிறந்த வீட்டுச் சாவுக்கு வருகிறவள் தெருமுனையிலேயே குரலெடுக்க வேண்டும். குரல் கேட்டதும் வீட்டுப் பெண்கள் எழுந்து எதிரே வந்து கைகோத்து அழைத்துப் போவார்கள். குரல் இல்லாவிட்டால் யாரும் எழமாட்டார்கள்.

இருளம்மாள் தெருமுனையில் திரும்பினாள். வாயில் முந்தானையை அடைத்திருந்தாள். பந்தலுக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைக் கண்டதும் தங்கள் அழுகையை நிறுத்தினார்கள். கொட்டுக்காரர்கள்கூட நிறுத்தினார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவள் நடந்து வந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“சொன்ன சொல் தவறாதவடி,” என்றாள் அந்தக் கூட்டத்தில் இருந்த வெள்ளைத்தாய். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

பெஞ்சில் சங்கிலிமுத்து கிடந்தார். புதுச் சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. தலைமாட்டில் அவர் மனைவி மாரித்தாய், விரித்த கூந்தலோடு நிமிர்ந்தாள்.

“வந்துட்டியா இருளம்மா? பாரு, நல்லாப் பாரு! உன் சொல்லைத்தான் பத்து வருசமா நெஞ்சுல வச்சுப் புழுங்கிக்கிட்டுக் கெடந்தாக. ‘என் தங்கச்சி எனக்கு அழமாட்டாளாமே மாரி’ன்னு ராத்திரி எந்திரிச்சு உக்காருவாக. இப்பத் திருப்திதானா? வாய் திறக்காம நிக்கியே, நெஞ்சு குளுந்துச்சா?”

இருளம்மாள் வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை, இல்லை.

“அத்தை, அப்படி இல்ல அத்தை!” வேல்விழி குறுக்கே விழுந்தாள். “அம்மாவுக்கு இன்னைக்குக் காலையிலதான் ஈறுல ஆபரேஷன். வாய் திறக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக. நான் அங்கனதான் வேலை பார்க்கேன், விருதுநகர் பல் ஆஸ்பத்திரியில. நானே கூட நின்னேன்.”

“ஈறுக்கு ஆபரேஷனா?” வெள்ளைத்தாய் கன்னத்தில் கை வைத்தாள். “பல்லைப் பிடுங்குவாக, பார்த்திருக்கேன். ஈறுக்கு ஆபரேஷன்னு எங்கயாச்சும் கேட்டிருக்கீகளாடி? கூடப் பிறந்தவனுக்கு ஒரு குரல் அழாம இருக்குறதுக்கு இம்புட்டுச் சாக்கா?”

யாரோ சிரித்ததுபோல் இருந்தது. சாவு வீட்டில் அப்படிச் சிரிக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மாரித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போயிருங்க. அவுகளைத் தொடாதீக.”

அந்தச் சொல்தான் இருளம்மாளை உலுக்கியது. அவள் முழங்காலிட்டு மாரித்தாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கினாள். வேல்விழிக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிவதற்குள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கீழ் உதட்டைப் பிடித்து, நாடி வரை இழுத்துக் காட்டினாள்.

“அம்மா, வேண்டாம்மா!”

மாரித்தாய் பார்த்தாள். ரத்தம் கட்டிய ஈறு. சின்னச் சின்னக் கறுப்புத் தையல்கள். நடுவில் வெளுத்த சதை, ஒரு ஓரம் நூலை அறுத்துக்கொண்டு மேலே எழும்புகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லுக்கடியில் ரத்தம் கோடாகி, நாடியில் வழிந்து, வெள்ளைச் சேலையில் சொட்டியது.

“அடி ஆத்தே!” மாரித்தாய் நாத்தனார் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “நெசமாவே தச்சுல்ல வச்சிருக்காக! ஏன் இருளம்மா, இதை எதுக்கு எனக்குக் காட்டுற? விடுடி, விடு. நான் நம்புறேன்டி!”

இனிமேல் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது? இருளம்மாள் வாயைத் திறந்தாள்.

“அண்ணே!”

பத்து வருஷமாக அடைத்து வைத்த ஒரே ஒரு சொல். தெரு முழுக்கக் கேட்டது. “அண்ணே! என் அண்ணே! உன் அரிசிப்பல்லி வந்திருக்கேண்ணே! கண்ணைத் திறந்து பாருண்ணே!” வார்த்தைக்கு வார்த்தை ரத்தம் தெறித்தது. மாரித்தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் மோதி அழுதார்கள். மற்ற பெண்களும் எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைத்தாய்தான் எல்லாரையும்விடப் பலமாக அழுதாள்.

வேல்விழி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் மடியில் நகத்தளவு சதைத் துண்டு விழுந்து கிடந்தது. காலையில் பார்த்துப் பார்த்து நட்ட நாற்று. அதைக் கைக்குட்டையில் எடுத்து மடித்தாள். எதற்கு எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

அழுகை ஓய்ந்தபோது இருளம்மாள் மகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயில் பஞ்சு. மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் இத்தனை நாளும் இல்லாத ஒரு ஆறுதல் இருந்தது. அழுதுவிட்டேன், அண்ணனுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டேன் என்கிற மாதிரி.

செல்வக்குமார் உள்ளே வந்தான். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் அப்பாவின் செல்போன்.

“அம்மா, இது அப்பா கையில இருந்த பை. நுங்கு. பனையோலையில கட்டி வாங்கியிருக்காரு. பத்து இருபது இருக்கும்.”

“நுங்கா?” மாரித்தாய் மூக்கைத் துடைத்தாள். “காலையில புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, ‘ஒரு நல்ல காரியத்துக்குப் போறேன் மாரி, வந்து சொல்றேன்’னாக. சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டே போனாக. யாரைப் பார்க்கக் கெளம்பினாகளோ, தெரியலையே.”

“அதான் எனக்கும் தெரியல. கடைசியா ஒரு நம்பருக்குப் பேசியிருக்காரு. நான் போட்டுப் பார்த்தேன். ஒரு பொண்ணு எடுத்து, ‘பல் ஆஸ்பத்திரி’ன்னுச்சு. நான் சொல்லி முடிக்கவும் ஒண்ணும் பேசாம வச்சிருச்சு.”

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், இதே பந்தலில், ‘நான் அங்கனதான் வேலை பார்க்கேன்’ என்று ஒரு குரல் சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பி வேல்விழியைப் பார்த்தான்.

இருளம்மாளும் பார்த்தாள். மகளின் முகத்தை, மஞ்சள் பையை, மறுபடி மகளின் முகத்தை.

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அவள் வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள். உதடு வீங்கியிருந்தது. வார்த்தை குழறியது. ஆனால் கேட்டவர்களுக்குத் தெளிவாகவே கேட்டது.

“அந்த நுங்கு யாருக்கு, விழி?”

வேல்விழியின் வாயில் தையல் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வாயை அவளால் திறக்க முடியவில்லை.